நாலு யூரோ அதிகமா?

போன சனிக்கிழமை ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரின் வைன் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ப்ரெம் என்ற ஊருக்குப் பக்கத்து ஊர். கோப்லென்ஸில் ரயில் ஏறி, கோகெம் தாண்டியதும் நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கப்பாதைக்குள் போய் வெளியே வந்தால் ஆறும் மலையும் சேர்ந்தாற்போல் கண்ணில் விழும்.

வைன் திருவிழா என்றதும் குடிகாரர் கூட்டம் என்று நினைக்க வேண்டாம். ஊரின் ஒரே தெருவில் நீள நீளமாக மேசை போட்டிருந்தார்கள். வீட்டு முற்றங்களை எல்லோருக்கும் திறந்து விட்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் கையில் திராட்சைச் சாறு, பாட்டிகள் கையில் ரீஸ்லிங் என்ற திராட்சையின் வெள்ளை வைன். உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடைக்கு ஆப்பிள் மசியல் தொட்டுச் சாப்பிட்டோம். கிரீடம் வைத்த 'வைன் ராணி'யை மேடையேற்றினார்கள். ஊர்ப் பெண்தான், திராட்சை விவசாயி மகள்.

அங்கேதான் கூட வந்த நண்பர் ஒருவர், "ஒரு கோப்பை நாலு யூரோவா? இந்தக் காசுக்கு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாட்டிலே வாங்கலாமே" என்றார். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூட்டத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அன்று காலையில் கடைக்காரரே, அதாவது அந்த வைனைச் செய்தவரே, எங்களில் சிலரைத் தன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். தோட்டம் என்கிறேன், ஆனால் அது சுவர் மாதிரி நிற்கிற மலை. அந்தப் பக்கத்து கால்மோன்ட் சரிவு ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று பெயர் பெற்றது. சில இடங்களில் சாய்வு 60 பாகைக்கும் மேல். டிராக்டர் ஏறாது. ஒற்றைப் பல்தண்டவாளத்தில் ஊர்ந்து போகும் ஒரு சின்ன வண்டிதான் ஆளையும் கூடையையும் மேலே கொண்டுபோகிறது. அது போகாத இடத்துக்கு நடைதான். நான் பத்தே நிமிடத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கீழே ஆறு வளைந்து திரும்ப, அக்கரையில் ஸ்டூபன் மடத்தின் இடிந்த சுவர்.

காலுக்கடியில் மண்ணே தெரியவில்லை, எல்லாம் சிலேட்டுக் கல். நாம் சின்ன வயதில் எழுதிய அதே சிலேட்டு, துண்டு துண்டாக. காலை பத்து மணிக்கே கை வைத்தால் சுட்டது. இந்தக் கல் பகல் வெயிலை வாங்கி வைத்திருந்து இரவில் கொடியின் அடியில் விடுகிறது. இவ்வளவு வடக்கே, இந்தக் குளிரில், ரீஸ்லிங் பழுப்பதற்கு அந்தக் கல்லும் தெற்கு பார்த்த சரிவும்தான் காரணம். சரிவை விட்டுச் சமவெளிக்கு வா என்று அவரிடம் சொல்ல முடியாது. சுவையே சரிவில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு கம்பம். இரண்டு கிளைகளை வளைத்து இதய வடிவில் கட்டியிருந்தார். கட்டிய இடத்தைக் காட்டினார்: வில்லோ மரத்தின் மெல்லிய குச்சி, முறுக்கிச் செருகியது, காய்ந்து இறுகியிருந்தது. வசந்தத்தில் ஒவ்வொரு கொடியாகக் குனிந்து கட்டியதாம். அவர் கட்டைவிரலில் நகத்தோரம் முழுக்க வெடிப்பு.

அவர் தோட்டத்துக்கு அடுத்த படிவரிசை முட்புதராகக் கிடந்தது. கம்பங்கள் சாய்ந்து, சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர் ஓரிடத்தில் சரிந்திருந்தது. உடைமைக்காரருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் நகரத்தில். கைவிட்ட தோட்டத்தில் பூஞ்சை வந்தால் பக்கத்துக் கொடிக்கும் பரவும். அதனால் ஒருவர் விட்டால் அடுத்தவருக்கும் பாரம்.

மோசல் விவசாயியின் கஷ்டம் புதிதல்ல. 1843இல் ட்ரியர் நகரத்துப் பிள்ளையான கார்ல் மார்க்ஸ், இந்த விவசாயிகளின் துயரத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். தன்னைப் பொருளாதாரத்தின் பக்கம் திருப்பியவற்றில் இந்த விவகாரமும் ஒன்று என்று பின்னாளில் அவரே சொன்னார். 1926 பிப்ரவரியில் மோசல் கரை ஊரான பெர்ன்காஸ்டலில் இந்த விவசாயிகள் வரி அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளை எரித்தார்கள். வைன் வரி அதன் பிறகுதான் ஒழிந்தது. இன்று எரிப்பதற்குக் கோப்பு எதுவும் இல்லை. சூப்பர் மார்க்கெட் அலமாரியில் மலிவு பாட்டில்தான் இருக்கிறது. பெரும்பாலும் இயந்திரம் ஓடும் நிலத்தில் விளைந்தது. கையால் கட்டிய கொடியை அதன் விலையோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை என்பேன்.

திருவிழாக் கடையில் கொடுக்கிற காசு இடையில் யார் கைக்கும் போகாமல் அவர் கைக்கே போகிறது. அதனால்தான் இந்த விழாக்கள் எனக்கு முக்கியம்.

ஒரே ஒரு குறை. மேடையில் எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள், அறுவடைக்கு வரும் போலந்து, ருமேனியத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகஸ்டில் விழா, அவர்கள் வருவது அதற்குப் பிறகு. ஊர் கூடிக் கொண்டாடும் நாளில் கூடை சுமக்கிறவர் ஊரில் இல்லை. அதையாவது மேடையில் சொல்லியிருக்கலாம்.

கிளம்பும்போது ஆறு பாட்டில் வாங்கினேன். அந்த நண்பரும் யோசித்து இரண்டு வாங்கினார். "அக்டோபரில் வாருங்கள், பழம் பறிக்க ஆள் எப்போதும் போதாது" என்றார் தோட்டக்காரர். இரண்டாவது வாரம் விடுப்பு கேட்டிருக்கிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம் வேண்டும்.