1910-லேயே செத்துப்போனாரா கிளாரா?

ஞாயிற்றுக்கிழமை மகளிர் தினக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். விலாவாரியாகச் சொல்லி யாரையும் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கிளாரா ஜெட்கின் பற்றி இருபது நிமிடம் பேசியவர், 1910 கோபன்ஹேகன் மாநாடு, மகளிர் தினத் தீர்மானம், நன்றி வணக்கம் என்று உட்கார்ந்துவிட்டார். எழுந்து "1932?" என்று கேட்டேன். "மேடம், அது அரசியல். இன்னிக்கு மகளிர் தினம்" என்றார்கள். கைதட்டல் வேறு.

அரசியலாம்! பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவரின் கதைக்குள் அரசியல் வந்துவிட்டதாம்.

1932 ஆகஸ்ட் 30, பெர்லின். தேர்தலில் 230 இடம் பிடித்து நாஜிகள்தான் அவையில் பெரிய கட்சி. வயதில் மூத்த உறுப்பினர் முதல் கூட்டத்தைத் தொடங்கிவைப்பது மரபு. அந்த மூத்தவர் கிளாரா. 75 வயது, பார்வை ஏறக்குறையப் போய்விட்டது, உடம்பில் தெம்பில்லை. மாஸ்கோவிலிருந்து கிளம்பி வந்தார். கைத்தாங்கலாகத்தான் மேடைக்குக் கூட்டிப் போனார்கள். எதிரே சீருடையில் வரிசை வரிசையாக நாஜிகள். பாசிசத்தை விரட்ட உழைக்கிறவர்கள் எல்லாரும் ஒன்றுசேருங்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

அம்மாவுக்குக் கண்புரை முற்றியிருந்தபோது சொந்த வீட்டு வாசல்படியையே காலால் தடவித் தடவித்தான் இறங்குவாள். என் முழங்கையில் அவள் நகம் பதியும். அதனாலோ என்னவோ, அந்த உரையைவிட அந்த மேடைப் படிகள்தான் எனக்கு முதலில் கண்ணில் நிற்கின்றன.

"சோவியத் ஜெர்மனி வேண்டும் என்றும்தானே பேசினார்?" பேசினார், அதே உரையில். "அவருடைய கம்யூனிஸ்ட் கட்சி, இன்னொரு தொழிலாளர் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியின் ஆட்களை 'சமூக பாசிஸ்டுகள்' என்று திட்டி ஒற்றுமையைக் கெடுத்ததே?" கெடுத்ததுதான், பெரிய தப்பு. இன்னொரு நாள் பேசுவோம். ஆனால் பாசிசம் வெறும் அடியாள் கூட்டமில்லை, பசியிலும் ஏமாற்றத்திலும் நிற்கிற ஜனங்களையும் இழுத்துக்கொள்ளும் என்று 1923-லேயே சொன்னது யார்? அதுவும் 1910-க்குப் பிறகுதான் ஐயா!

அந்த 1932 ஆகஸ்ட் 30 அன்றைக்கே நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங் அவைத் தலைவரானார். சரியாக ஐந்து மாதத்தில் ஹிட்லர் சான்சலர், அதாவது அரசாங்கத்தின் தலைவர். 1933 ஜூனில் மாஸ்கோ பக்கத்தில் கிளாரா இறந்துபோனார். "அப்போ அந்தப் பேச்சால் என்ன பிரயோஜனம்?" என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருக்கிறார்.

தம்பி, அதற்கு இன்றைக்கு என்னிடம் பொறுமை இல்லை. ஒற்றைக் கேள்விக்கே மைக்கை வாங்கிக்கொண்டு, கையில் ஒரு ரோஜாவைத் திணித்து உட்காரச் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கினேன். அதுதான் எரிகிறது.