நியூட்ரலில் மலை இறங்கினால் டீசல் மிச்சமா? அந்தக் குரல் பதிவை நம்பாதீர்கள்

இரண்டு நாளாக நம் தாப்பா பக்கத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் லோரிக்காரர்கள் கியரை நியூட்ரலில் போட்டால் டீசல் மிச்சமாகும், பிரேக்கும் சூடாகாது என்கிறார் ஒருவர். இரண்டுமே தவறு.

முதலில் டீசல். இப்போதைய லோரிகளில் கியரில் வைத்து எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தாலே டீசல் பாய்வது நின்றுவிடும், ஏனென்றால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் ஓடக் கொஞ்சம் டீசல் குடிக்கும்.

சரி, பிரேக்? அதுதான் உயிர்ப் பிரச்சினை. நியூட்ரலில் எஞ்சினின் பிடிப்பு போய்விடும், அத்தனை டன் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மலைப்பாதையில் ரிங்லெட் ஊருக்குக் கீழே வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரியும், உள்ளிருந்து அழுத்தும் பிரேக் கட்டை அதை இறுக்கிப் பிடிக்காது, மிதி உள்ளே போகும், லோரி நிற்காது. அடிவாரத்தில் நின்ற ஒரு லோரியின் பின்சக்கரத்தில் புகை வந்ததை நானே பார்த்திருக்கிறேன், அந்தக் கருகல் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

குறைந்த கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போடுங்கள் அண்ணே, வேகம் பிடித்த பிறகு கியர் விழாது. அந்தப் பதிவு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், புதிதாக லைசென்ஸ் எடுத்த தோட்டத்துப் பையன்கள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.