கை தூக்கச் சொல்லாதீர்கள்

மருத்துவமனை ஊழியர்களுக்குத் தொற்றுக் கட்டுப்பாட்டு வகுப்பு எடுக்கிறேன். ஆரம்ப வருடங்களில் நான் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்வி இன்றைக்கும் மனசை உறுத்துகிறது.

“வேலை செய்யும்போது யாருக்காவது கைதவறி ஊசி குத்தியிருக்கா? கை தூக்குங்க.”

முன்வரிசையில் மேட்ரன். பக்கத்தில் வார்டு இன்சார்ஜ். கடைசியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். யார் தூக்குவார்கள்? ஒரு கையும் எழும்பாது. “வெரி குட்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்து இறங்கும்போது ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மாடிப்படியில் காத்திருந்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால், நைட் டியூட்டியில், ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடும்போது விரலில் குத்திவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட. “சொன்னா, மூடி போடக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதான்னுதான் மேடம் முதல்ல கேப்பாங்க.”

குத்திய ஊசியில் எச்ஐவி ரத்தம் இருந்தால் தொற்றும் வாய்ப்பு 1000-க்கு 3 என்பார்கள். தடுப்பூசி போடாதவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி என்றால் 100-க்கு 30 வரை போகலாம். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். இவ்வளவையும் நான்தான் அவளுக்குப் பாடமாக நடத்தியிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, நல்லவேளை. ஆனால் அந்த ஆறு மாதத்தை அவள் தனியாகப் பயந்தே கழித்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைப் பெயரில்லாமல்தான் கேட்கிறேன். மென்டிமீட்டர் என்ற இணைய வாக்கெடுப்புத் தளத்தில் கியூஆர் கோடு, எல்லாரும் கைபேசியில் பதில், திரையில் பட்டை மட்டும் உயரும். “குத்தியது, சொல்லவில்லை” என்ற பட்டை மளமளவென்று ஏறும்போது ஹாலில் ஓர் அமைதி வரும். நான் மட்டும் இல்லையா என்று அப்போதுதான் பல பேருக்குத் தெரிகிறது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த முறை வேண்டும் என்பேன்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது தெரிந்தது. அங்கே இருந்தவர்களுக்கு வாய் திறந்து சொல்ல முடிந்தது, அதுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். கை எழும்பாத ஹாலைப் பார்த்து “வெரி குட்” சொன்னவள் நான்.

பாடம் நடத்தவும் இது உதவுகிறது. குத்தியதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றுவேன் என்றுதான் நிறையப் பேர் அழுத்துகிறார்கள். விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லி மறுபடி கேட்பேன். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-லிருந்து கடைப்பிடித்த வழி இது. பிதுக்கக் கூடாது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று அவர்களே பேசி வந்து சேரும்போது அது மனசில் நிற்கிறது.

ஆனால் ரகசியம் என்று சொன்னால் அது ரகசியமாகவே இருக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரியை எடுத்துக்கொள்ளும் படிவத்தைக் கொடுத்துவிட்டு “பெயர் வேண்டாம்” என்பது பொய். மூன்றே பேர் இருக்கும் பிரிவில் “உங்கள் பிரிவு எது?” என்று கேட்பதும் அதே பொய்தான். ஒருமுறை நிர்வாகத்தில் ஒருவர், “எந்த வார்டுன்னு மட்டும் எடுத்துக் குடுங்க மேடம்” என்றார். முடியாது என்றேன். இப்போதெல்லாம் யாரையும் தேட மாட்டோம் என்று முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொண்டுதான் வகுப்பையே தொடங்குகிறேன்.

இதில் விட்டுப்போகிறவர்கள் துப்புரவு அக்காமார்கள். ஊசிகள் குத்துப்படாத வெள்ளை டப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. யாரோ மஞ்சள் பையில் போட்டுவிட்டால் அதைத் தூக்குகிற இவர்கள் கையில்தான் குத்தும். டியூட்டியில் இவர்களிடம் போன் இருக்காது. சிலருக்கு வாசிக்க வராது. அதனால் மருந்துக் குப்பிகளின் பிளாஸ்டிக் மூடிகளைச் சேர்த்தேன். ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம். குத்தியிருந்தால் சிவப்பு. கையை மூடியபடியே கொண்டுவந்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒன்றைப் போட வேண்டும், மற்றதை இன்னொரு மூடிய பெட்டியில். திறந்து கொட்டினால் மேசை முழுக்கச் சிவப்பு.

அந்தக் குவியலை அப்படியே தட்டில் வைத்து நிர்வாகத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். தடித்த கையுறை வந்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் தொடங்கியது. அது மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாவது மாதத்தில் கடைசி. அந்தக் கடைசி ஊசிக்கு முன்பே ஒப்பந்தக்காரர் மாறிவிட்டார். பாதிப் பேர் இப்போது புதியவர்கள். அடுத்த வாரம் அவர்களுக்கு வகுப்பு. மூடிகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துவைக்கச் சொல்லி வார்டுகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.