வலிப்பைப் பற்றி ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது

1955 இந்து திருமணச் சட்டத்தில் மணமக்களின் மனநலம் பற்றி இருக்கும் நிபந்தனையை உங்கள் கட்டுரையில் தெளிவாக விளக்கியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் 1976 திருத்தத்தில் கல்யாணத்துக்குத் தடையாகப் பைத்தியத்தோடு அடிக்கடி வரும் வலிப்பையும் சேர்த்து எழுதினார்களே, அதைச் சொல்லவில்லை. வலிப்பு மூளை நரம்பு சம்பந்தப்பட்ட நோய். பலருக்கு மாத்திரையிலேயே கட்டுப்படும். அதைச் சட்டத்திலிருந்து எடுக்க 1999 வரை ஆனது.

சட்டத்தில் எடுத்தாலும் வீட்டில் பயம் போகவில்லை. வலிப்பு உள்ள என் சித்தி மகளைக் குடியாத்தத்தில் கட்டிக் கொடுத்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்று பெரியவர்கள் அவள் வாயை அடைத்துவிட்டார்கள். மாத்திரையைப் பவுடர் டப்பாவுக்குள் ஒளித்து வைத்துதான் போட்டுக்கொண்டாள், பாவம். கங்கையம்மன் திருவிழாவுக்கு வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். மாத்திரை விட்டுப்போய், அடுப்படியில் விழுந்து முன்கை வெந்துவிட்டது. அப்போதுதான் மாப்பிள்ளைக்கே விஷயம் தெரியும். நல்ல மனுஷர், இன்றுவரை அவரேதான் மாத்திரை வாங்கி வருகிறார். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. மறைத்துச் செய்த கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்க அதே சட்டத்தின் 12-ம் பிரிவில் வழி இருக்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய்) என்று டாக்டர் எழுதிவிட்டாலே விவாகரத்து கிடைக்கும் என்றும் இங்கே பலர் நம்புகிறார்கள். அந்தப் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு நோய் கடுமையா என்று பார்க்க வேண்டும் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள், ஐயா.