யுவி ஃபில்டருக்கு முன் லென்ஸ் ஹூட்
புது டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கியதும் முதல் வேலையாக லென்ஸுக்கு முன்னால் யுவி ஃபில்டர் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி) மாட்டினால் படமும் தெளிவாகும், லென்ஸும் தப்பிக்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. படம் தெளிவாகும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புற ஊதாக் கதிர் தொல்லை தந்ததெல்லாம் ஃபிலிம் காலத்தில். தூரத்து மலைகள் நீலம் பூத்து மங்கலாகப் பதியும். டிஜிட்டல் கேமராவில், படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னாலேயே அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. மலிவான ஃபில்டர் இரவுப் படங்களைக் கெடுக்கவும் செய்யும். என் தங்கை எடுத்த தெருவிளக்குப் படத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்மூலையில் தலைகீழாக ஒரு பச்சைப் புள்ளி. ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் நின்று எடுத்தோம், ஒரு புள்ளிகூட இல்லை. பாதுகாப்புதான் நோக்கம் என்றால் முதலில் லென்ஸ் ஹூட், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் வளையம் போன்ற மறைப்பு, வாங்குங்கள். எங்காவது இடித்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும், பக்கவாட்டு வெளிச்சத்தையும் மறைக்கும். கேமராவோடு சேர்த்தே விற்கும் கிட் லென்ஸோடு ஹூட் பெரும்பாலும் தரமாட்டார்கள், அந்த மாடலுக்கு உரியதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உப்புச் சாரல் அடிக்கும் கடற்கரை, மணல் பறக்கும் இடம் என்றால் நல்ல ஃபில்டர் வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. அந்தக் கட்டுரையின் கீழ் 18-55 லென்ஸுக்கு 55 மி.மீ. ஃபில்டர் பொருந்தவில்லை என்று கேட்ட நண்பருக்கு: அந்த 55 குவியத் தூரம், அதாவது லென்ஸ் எவ்வளவு ஜூம் ஆகும் என்பதைச் சொல்லும் எண்; முன்பக்க விட்டம் அல்ல. ஃபில்டர் அளவு லென்ஸுக்கு லென்ஸ் மாறும். 52, 55, 58 எதுவாகவும் இருக்கலாம். லென்ஸின் முன்விளிம்பில், குறுக்குக்கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.