காற்று நுழையும் வாசலுக்கு ஒரு பொது அளவு வைக்க மாட்டீர்களா?

காற்றுச் சிலிண்டரின் குழாயை ரைபிளோடு இணைக்க, அட்டையில் கொட்டை எழுத்தில் "யூனிவர்சல்" என்று போட்டு ஒரு அடாப்டரை அனுப்பியிருக்கிறார்கள். முதல் சுற்று வழுக்கிக்கொண்டு போகிறது, இரண்டாவது சுற்றில் லேசாக உரசுகிறது, மூன்றாவதில் இறுகி நின்றுவிடுகிறது. பிசிபி ரைபிள், அதாவது உயரழுத்தக் காற்றை முன்கூட்டியே ஏற்றிவைத்துச் சுடும் ஏர் ரைபிள், வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கவே வேண்டாம். உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும், அதில் எதற்கும் பொருந்தாத பித்தளை, ஸ்டீல் துண்டுகள் குவிந்து கிடக்கும், ஒவ்வொன்றும் காசு கொடுத்து வாங்கியது, ஒவ்வொன்றின் அட்டையிலும் "எல்லா ரைபிளுக்கும் பொருந்தும்" என்று இருந்திருக்கும்.

சரி, ஏன் இறங்கவில்லை என்று பார்த்தேன். ரைபிளோடு வந்த புரோபின், அதாவது காற்று ஏற்ற ரைபிளுக்குள் செருகும் சின்னக் குச்சியின், பின்பக்க மரையை வெர்னியரில் பிடித்தால் 9.7 மில்லிமீட்டர். மரை கேஜை வைத்தால் அங்குலத்துக்கு 28. அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குல பிஎஸ்பி, பிரிட்டிஷ் குழாய் மரை, கையேட்டிலும் அதுதான் எழுதியிருக்கிறது, நான் ஆர்டர் போட்டதும் அதற்குத்தான். அடாப்டருக்குள் ஒரு எம்10 போல்ட்டை, பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி) ஒரு மில்லிமீட்டர் உள்ளதை, விரலால் திருகினேன். அடிவரை சொகுசாக இறங்கியது. ஆக வந்திருப்பது மெட்ரிக் மரை. பிஎஸ்பி மரையின் பிட்ச் 0.907 மில்லிமீட்டர், இது முழுசாக 1. கண்ணுக்கு இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். முதல் சுற்றில் கைக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விலகி விலகி, மரையின் தோளில் மரை ஏறி உட்கார்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு என்பிடி என்று மூன்றாவதாக ஒரு அமெரிக்கக் குழாய் மரை இருக்கிறது, அங்குலத்துக்கு 27, கொஞ்சம் கூம்பாகப் போகும். இந்த மூன்றும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி பாலிதீன் பையில், ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. கேட்பார் இல்லை.

விற்ற கடைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வெர்னியர் அளவு தெரிகிற மாதிரி ஒரு படம், எம்10 போல்ட் உள்ளே போயிருப்பது ஒரு படம், இறுகி நிற்பது ஒரு படம். "இது பிஎஸ்பி இல்லை, மாற்றித் தாருங்கள்" என்று ஒரே வரி. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

பதில் வந்தது: "சார், கொஞ்சம் பலமாகத் திருகிப் பாருங்கள்."

பலமாகத் திருகினால் புரோபின் மரை அழியும், புரோப் வீணாகும் என்று எழுதினேன். அதற்கு அவர், "அப்படியென்றால் வெள்ளை டேப் நாலு சுற்று சுற்றி இறுக்குங்கள் சார், கசியாது" என்றார். வெள்ளை டேப்! தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற அதே டேப். நான் இது உயரழுத்தக் காற்று என்றேன். "அதனால்தான் சார் நாலு சுற்று சொன்னேன்" என்றார். பிட்ச் மாறியிருக்கிறது என்றேன். "பிட்ச் என்றால் என்ன சார்?" என்றார். 300 பார் அழுத்தம் தாங்கும் என்று அட்டையில் அச்சடித்த சாமானை விற்கிறவர், மரைக்குப் பிட்ச் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாமல் விற்றுக்கொண்டிருக்கிறார். நான் பொறுமையாக விளக்கினேன், படம் வரைந்துகூட அனுப்பினேன். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, அவர் கடைசியாகச் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? "மரையில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள் சார், சுலபமாக இறங்கிவிடும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயரழுத்தக் காற்று போகும் பாதையில் பெட்ரோலிய எண்ணெயா? அழுத்தம் சட்டென்று ஏறும்போது காற்று சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினுக்குள் நடப்பது அதேதான். அதனால்தான் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் தவிர வேறு எதையும் தொடாதே என்று கையேடுகள் தலைப்பாடாக அடித்துக்கொள்கின்றன. இந்த ஆலோசனையைக் கேட்டு முகத்துக்கு நேரே வைத்துத் திருகுகிறவன் புதிதாக வந்த பையனாக இருந்தால் என்ன ஆகும்? அவனுக்கு யார் பொறுப்பு?

டேப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 200 பார் என்பது விளையாட்டு இல்லை. கார் டயரில் இருப்பது 2 சொச்சம் பார். 9.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மரையின் முகத்தில் 200 பார் தள்ளினால் கிட்டத்தட்ட 150 கிலோ எடை அதைப் பிடுங்கி எறியப் பார்க்கிறது என்று அர்த்தம். அதை இரண்டரைச் சுற்று அரைகுறை மரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமாம், வெள்ளை டேப் காப்பாற்ற வேண்டுமாம். பிஎஸ்பி நேர்மரைக்குச் சீல் கொடுப்பது டேப் கிடையாது, அடியில் போடும் ரப்பர் ஒட்டிய உலோக வாஷர். டேப் சுற்றினால் அதன் நூல் பிய்ந்து ரைபிளின் வால்வுக்குள் போய் உட்காரும், அப்புறம் மெதுவாகக் கசியும், இராத்திரி 200 பாரில் வைத்தது காலையில் 120 பாரில் நிற்கும், எங்கே கசிகிறது என்று சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் என்னிடம் இல்லாதது என்ன? மூன்று லிட்டர் சிலிண்டர் 300 பார் நிரம்பி மூலையில் நிற்கிறது. பரிசோதனை முத்திரை காலாவதி ஆகவில்லை. குழாய் இருக்கிறது, அதன் முனையில் டக்கென்று மாட்டிக் கழற்றும் ஃபாஸ்டர் இணைப்பு இருக்கிறது. ரைபிள் மேசை மேல் இருக்கிறது, கேஜ் 90 பாரில் நிற்கிறது. விடிந்தால் பண்ணையில் இருக்க வேண்டும், முளைத்த பயிரை முயல்கள் வரிசை வரிசையாகக் கடித்துத் தீர்க்கின்றன என்று பண்ணைக்காரர் கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டிருந்தார். கைப்பம்பும் இருக்கிறது. அதன் குழாய் முனை என்ன மரை? எம்10! கடைக்காரர் அனுப்பிய அடாப்டர் பொருந்துவது என் பம்புக்கு மட்டும்தான், பம்பும் அடாப்டரும் சேர்ந்தாலும் ரைபிளுக்குப் பொருந்தாது. பழைய ரைபிளை எடுத்துக்கொண்டு போகலாமே என்பீர்கள். அதைக் கைமாற்றிவிட்டுத்தான் லைசென்ஸில் இந்தப் புதியதற்கு இடம் வாங்கினேன். விரல்நுனி அளவுள்ள ஒரு உலோகத் துண்டு தவறாக வந்ததால் எல்லாம் இருந்தும் ஒன்றும் இல்லை. பண்ணைக்காரருக்குப் போன் பண்ணி வர முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. "காற்று இல்லையா? காற்று எப்படி இல்லாமல் போகும்?" என்று அவர் கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

கடைக்காரரோடு என் கோபம் முடியவில்லை, அது ரைபிள் தயாரிப்பாளர்கள் வரைக்கும் போகிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு புரோப். விட்டம் வேறு, நீளம் வேறு, காற்று வெளிவரும் துளை இருக்கும் இடம் வேறு, இரண்டு பக்கமும் இருக்கும் ஓ-ரிங் அளவு வேறு. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கே ஒரே புரோப் போதாது. அந்தச் சின்னக் குச்சி தொலைந்தால் அத்தனை விலை கொடுத்த ரைபிள் வெறும் கட்டை. ஓ-ரிங் ஒன்று அறுந்தால் "எங்களிடமே வாங்குங்கள்" என்று மூன்று வாரம் காத்திருக்க வைக்கிறார்கள், அளவைக் கேட்டால் சொல்வதில்லை. ஏன் சொல்லக் கூடாது? அது என்ன இராணுவ இரகசியமா?

இது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். முக்குளிப்பவர்களைப் பாருங்கள். சிலிண்டர் வால்வுக்கு டின் (DIN) என்கிற ஜெர்மன் தர இணைப்பு, மரை எட்டில் ஐந்து அங்குலம் என்று முடிவு பண்ணி வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 232 பார் சாமானுக்கு மரை குட்டை, 300 பார் சாமானுக்கு மரை நீளம். குறைந்த அழுத்தத்துக்கு உள்ள இணைப்பை 300 பார் வால்வில் திருகினால் அது அடிவரை போய்ச் சீலாகாது, ஆகவே தப்பான சாமானைத் தப்பான அழுத்தத்தில் மாட்டவே முடியாது. மனிதன் தவறு செய்வான் என்று முன்கூட்டியே நினைத்து மரையிலேயே காவல் போட்டு வைத்த வேலை அது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதை வருகிறது. அவ்வளவு தூரம் போவானேன், நம் ரைபிளின் முன்முனையையே பாருங்கள். சைலன்சர் மாட்டுகிற இடத்தில் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, யுஎன்எஃப் என்கிற ஒரே மரை வகையை வைக்கிறார்கள். யாரோ சொன்னார்கள், எல்லோரும் கேட்டார்கள். முன்பக்கம் முடிந்தது காற்று ஏற்றும் பக்கம் ஏன் முடியாது? ஃபாஸ்டர் இணைப்பைச் சில கம்பெனிகள் நேரடியாக ரைபிளிலேயே வைக்கின்றன, குழாயைக் கொண்டுபோய் டக்கென்று மாட்டி, வால்வை மெல்லத் திறந்து, ஏற்றி, மிச்சக் காற்றை வெளியே விட்டுக் கழற்றிவிடலாம். அப்படிச் செய்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மற்றவர்களுக்கு என்ன வந்தது?

அப்புறம் இந்த லைசென்ஸ். உலகம் முழுக்கச் சட்டங்கள் குழலின் முனையையே, குண்டு அங்கே என்ன சக்தியோடு வெளிவருகிறது என்பதையே, உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனியில் 7.5 ஜூல் எல்லை. இங்கிலாந்தில் ஏர் ரைபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல், அதைத் தாண்டினால் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 கடைசி நாளிலிருந்து அதற்குக் கீழே உள்ள சாதாரண ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ். இந்தியாவில் 20 ஜூல் அல்லது 4.5 மில்லிமீட்டர் குழல் துளை, இதில் ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ். கனடாவில் நொடிக்கு 152.4 மீட்டரும் 5.7 ஜூலும் இரண்டுமே தாண்டினால்தான் லைசென்ஸ் வேண்டும். இருக்கட்டும், ஆயுதத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும், எனக்கு அதில் துளியும் மறுப்பு இல்லை, படிவம் கேட்டதையெல்லாம் நிரப்பிக் கொடுத்தேன், இரும்பு அலமாரி எங்கே, சாவி யாரிடம், எதைச் சுடப்போகிறாய், எந்த நிலத்தில், நிலத்துக்காரர் கையெழுத்து எங்கே, எல்லாம் கொடுத்தேன். முனையில் ஒரு ஜூல் கூடிவிடக் கூடாது என்று பயந்து, பெல்லட் என்கிற ஈயக்குண்டை மாற்றும்போதெல்லாம் அதன் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் பிசிபியில் கனமான பெல்லட் போட்டால் சக்தி பொதுவாகக் கூடும், நேற்று எல்லைக்குள் இருந்த ரைபிள் இன்று வேறு பெல்லட்டில் எல்லை தாண்டலாம். அவ்வளவு கவனமாக இருக்கிறேன்.

ஆனால் என் வீட்டு மூலையில் நிற்கும் மூன்று லிட்டர், 300 பார் சிலிண்டருக்குள் அடைந்து கிடக்கும் சக்தி ஒரு லட்சம் ஜூலுக்கு மேல். சிலிண்டரையாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறார்கள், நல்ல காரியம். அதையும் ரைபிளையும் இணைக்கும் இந்தத் துண்டுக்கு? முத்திரை உண்டா? எந்த மரை என்று அதன் மேல் பொறித்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? எவன் வேண்டுமானாலும் கடைந்து, எந்தப் பெயர் வேண்டுமானாலும் ஒட்டி, விற்கலாம். 16 ஜூலுக்கு அத்தனை கையெழுத்து கேட்கிறவர்கள் இந்தப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால், மூன்று எழுத்து, "பிஎஸ்பி" என்றோ "எம்10" என்றோ அந்த உலோகத்தில் குத்தி வையுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே. எத்தனை பேருடைய கை, கண் தப்பிக்கும்!

கடைசியாகக் கடைக்காரர் எழுதியிருக்கிறார், திருப்பி அனுப்ப வேண்டுமானால் "பயன்படுத்தாத நிலையில்" இருக்க வேண்டுமாம். மரையில் உரசல் தெரிகிறதாம், நான் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். பலமாகத் திருகச் சொன்னவர் அவர், உரசலுக்குக் காரணம் நானாம். இதைப் படித்துவிட்டுச் சிரிப்புதான் வந்தது, வாய்விட்டுச் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

சொல்லும்போதே நினைவுக்கு வருகிறது, இந்தப் பெல்லட் டப்பாக்காரர்களையும் விடக் கூடாது. அதே டப்பா, அதே பெயர், அதே எடை என்று மூடியில் இருக்கிறது. போன டப்பாவில் ஒரே ஓட்டைக்குள் போனவை, இதில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. பாவாடை, அதாவது பெல்லட்டின் மெல்லிய பின்விளிம்பு, நசுங்கியவை வேறு அடியில் பாதி கிடக்கின்றன. பெல்லட் செய்யும் அச்சை மாற்றினீர்கள் என்றால் மாற்றியதைச் சொல்லுங்கள், அச்சு எண்ணை மூடிக்கு அடியில் ஒட்டுங்கள். சில கம்பெனிகள் ஒட்டுகின்றன, உங்களுக்கு என்ன கேடு?