முறைப்பாட்டை மீளப்பெறச் சொல்லும் நம்மவர்களுக்கு

பெரியம்மாவுக்கு ஓர் அரச அலுவலகத்தில் நேர்ந்ததைக் கடந்த வாரமே எழுதிவிட்டேன். தமிழில் ஒரு வரியேனும் வாசித்துக் காட்டாமல் சிங்களத்தில் மட்டும் இருந்த கடிதத்தில் கைநாட்டு வாங்கியதும், விளங்காவிட்டால் உங்கள் தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னதும், தன் விண்ணப்பத்தைத் தானே கைவிடுவதாக அந்தக் கடிதம் சொல்கிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரியவந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்காக இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பினோம். அதற்குப் பிறகு நடந்தவைதான் என்னை இன்று எழுத வைக்கின்றன.

அலுவலகத்திலிருந்து இதுவரை ஒருவரும் பேசவில்லை. பேசியவர்கள் அனைவரும் நம்மவர்கள், மலையகத் தமிழர்கள். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் பேசி முடித்திருப்பேன் என்றார் ஒரு பெரியவர். ஊரின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று இன்னொருவர் பகிரங்கமாக எழுதினார். அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தவர்களில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் இருந்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியை ஏமாற்றிக் கைநாட்டு வாங்கியபோது கெடாத ஊரின் பெயர், அதை ஒரு தாளில் எழுதி அனுப்பியதும் கெட்டுவிட்டதாம். அத்தனை மெல்லிய பெயரை இவ்வளவு காலம் எப்படித்தான் காப்பாற்றி வைத்திருந்தோமோ!

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அரச அலுவலகம் ஒன்று உங்கள் உரிமையை மீறினால் அதைப் பற்றி முறைப்பாடு செய்வது யாரையும் பகைப்பதாகாது. அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. தலைவருடைய அனுமதியும் தேவையில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை மொழியின் பெயரால் எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் 13ஆவது திருத்தம் சேர்த்தது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும்கூட அதிகாரிகளோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. இவற்றை நான் இயற்றவில்லை, நாடாளுமன்றம் இயற்றியது. ஆகவே என்னை இனவாதி என்று அழைத்தவர்கள் அந்தப் பட்டத்தை நாடாளுமன்றத்துக்கும் கொஞ்சம் பகிர்ந்தளிக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கோப்பு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும் என்று அன்று எங்களிடம் மெதுவாகச் சொன்னவர் பக்கத்து மேசையில் இருந்த ஒரு சிங்கள இளைஞர்.

ஆணைக்குழுவுக்குப் பல் இல்லை என்கிறீர்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அது விதந்துரைதான் செய்யலாம், தண்டிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல இருப்பது ஒரே ஒரு மாத காலம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் சொல்கிறபடி பேசிப் பேசி முடிக்கப் பார்த்தால் கடைசியில் முடிவது அந்த மாதம்தான். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் கட்டாயமில்லை, தமிழிலேயே எழுதலாம். மொழி தொடர்பான முறைப்பாட்டுக்கு அரசகரும மொழிகள் ஆணைக்குழு என்று தனியாக ஒன்றும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருக்கிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்கள் போதாது என்பது உண்மைதான். அது அலுவலகம் மேலிடத்தில் முறையிட வேண்டிய குறை, பெரியம்மா கைநாட்டு வைத்துத் தீர்க்க வேண்டிய குறை அல்ல.

என் தகப்பனார் ஓய்வுபெற்றபோது ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வரவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர்; இரண்டையும் தப்பாக எழுதியது அவரல்ல, எழுதியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். அவர் யாரிடமும் முறைப்பாடு செய்யவில்லை. தலைவர் கொடுத்த கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போய்வந்தார். தோட்டத் துரைக்கு முன்னால் கழற்றுவது போலவே எழுதுவினைஞருக்கு முன்னாலும் தலைத்துண்டைக் கழற்றினார். பணம் வந்தது, அவர் போன பிறகு. அதைப் பெற்றுத் தந்ததற்காக எங்கள் குடும்பம் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களும் இருந்தார்கள்.

1948இல் நம் குடியுரிமையைப் பறித்து, நம்மில் எஞ்சியிருந்தவர்களை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காகிதத்துக்காகக் காத்திருக்க வைத்தார்கள். அப்படிக் காத்திருந்த சமூகத்துக்கு ஒவ்வொரு முத்திரையும் யாரோ இட்ட பிச்சையாகத்தான் தோன்றும், அது எனக்குப் புரிகிறது. கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்று படிப்படியாகக் கேட்டுப் பழகிய வாய்க்கு நேரே கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும். எனக்குப் புரியாதது, அந்தக் கூச்சத்தை மரியாதை என்று பெயர் சூட்டி அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கத் துடிக்கும் படித்தவர்களின் மனம். நம் ஆட்கள் நேரே எழுதத் தொடங்கிவிட்டால் உங்களிடம் கடிதம் வாங்க யார் வருவார்கள் என்ற கவலையா?

பழிவாங்குவார்கள் என்கிறீர்களே, அந்த ஒன்றை மட்டும் என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை. நாளைக்கு வேறொரு தேவைக்குப் பெரியம்மா அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். கோப்பு காணாமல் போகலாம், இன்று வா நாளை வா என்று இழுக்கலாம். அவர் பயப்படவில்லை என்று நான் சொல்லவில்லை. கோப்பு எங்கே என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும், நாங்கள் கேட்போம். பயம் அதனால் போய்விடாது. ஆனால் அந்தப் பயத்தை அவருக்கு வீடு தேடி வந்து ஊட்டியவர் அதிகாரி அல்லர், நம்மவர் ஒருவர் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பேசி முடிக்கலாம் என்ற பெரியவருக்கு: இணக்கம் காண்பதற்கும் ஆணைக்குழுச் சட்டத்தில் இடம் உண்டு. பேச வேண்டியதை அங்கே, எழுதிப் பதிவாகும் இடத்தில், பெரியம்மாவுக்கு விளங்கும் மொழியில் பேசுவோம். அந்தக் கைநாட்டுக் கடிதம் செல்லாது என்றும் அவருடைய விண்ணப்பம் பழைய திகதியிலேயே ஏற்கப்பட்டது என்றும் அலுவலகம் தமிழில் எழுத்தில் தரட்டும். மீளப்பெறுவதா இல்லையா என்று அதற்குப் பிறகு பெரியம்மாவிடம் கேளுங்கள். முறைப்பாடு அவருடையது, எனக்குத் தொலைபேசி எடுத்துப் பயனில்லை.